மார்பகப் புற்றுநோயும் நம் தலைமுறையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமிருந்து பஸ் ஏறி இந்தப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் நாங்கள். எங்கள் அம்மாமார் கொழுந்து பறித்தார்கள். இருபது வயதில் கல்யாணம், நான்கைந்து பிள்ளைகள், அடுத்தது வயிற்றில் தங்கும்வரை தாய்ப்பால், நாள் முழுக்க மலையேற்றம். கஷ்டமான வாழ்க்கைதான். ஆனால் மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்த வாழ்க்கைக்குள்ளேயே ஓரளவு பாதுகாப்பு இருந்தது.

இது புதிய செய்தியல்ல. 1926இல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் வைத்தியர், இந்நோய் கண்ட 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டார். தாமதமாக மணமுடித்தவர்களுக்கும் பிள்ளைகள் குறைந்தவர்களுக்கும் ஆபத்துக் கூடுதல் என்று கண்டார். 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளியான கணக்கின்படி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும், பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 சதவீதமும் ஆபத்துக் குறைகிறது.

நாங்களோ படித்தோம். முப்பதை நெருங்கிக் கல்யாணம், ஒன்றோ இரண்டோ பிள்ளை, கதிரையில் உட்கார்ந்த வேலை, மாதவிடாய் நிற்கும் வயதில் ஏறும் உடம்பு. இதற்காகப் படிப்பைக் குறைசொல்ல வேண்டாம். பழைய வாழ்க்கைக்கு யாரும் திரும்பப்போவதும் இல்லை.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பீர்கள். பரம்பரை மரபணுவால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். பெண்ணாய்ப் பிறந்ததும் வயது ஏறுவதுமே பெரிய காரணங்கள். நெஞ்சில் அடிபட்டதாலோ இறுக்கமான உள்ளாடையாலோ இது வருவதில்லை.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு வராது என்றும் எண்ணிவிடக்கூடாது. வருகிறது, பிந்தித்தான் தெரியவருகிறது. ஒரு தாய் எட்டு மாதம் கட்டியை மறைத்து வைத்திருந்தார். "வலிக்கலையே டாக்டரம்மா, வலிச்சா வந்திருப்பேன்" என்றார். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகும்; ஆண் வைத்தியர்முன் சட்டையைக் கழற்ற வெட்கம்; சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்ல வராது. இதை அறியாமை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது சாதாரண தரம் படிக்கும் மகள்.

20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்த சில நாட்களில், மார்பை நாமே தடவிப் பார்க்க வேண்டும். 40 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் அதன்பின் வருடந்தோறும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்ட வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் வந்திருந்தால் எப்போது தொடங்குவதென்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இலவசம். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு 50 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை மெமோகிராம் அழைப்புக் கடிதம் வரும். அதை மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தோம். பரிசோதித்துக் கொண்டவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். வைத்தியர்களான நாங்கள் அந்தக் கணக்கில் இல்லை! போன மாதம்தான் போய் வந்தோம்.

தேநீர் முடிந்ததும் மனையியல் அறையில் நாங்கள் மூவர் இருப்போம். மூவரும் பெண்கள், மூவரும் தமிழ் பேசுவோம். திரை கட்டியிருக்கிறது. அம்மாவோடு வந்தவர்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள்.