தண்டனை பெற்ற தோழனும் வாய்மூடிய கூட்டமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே ஆற்றிய உரை)



முத்திரை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர், சதுரங்கம் ஆடுவோர் என ஒரு பொழுதுபோக்கினால் ஒன்றுபட்ட கூட்டங்கள் உலகெங்கும் உள்ளன. அத்தகைய கூட்டமொன்றிலே ஒருவன் நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டால், அச்செய்தியை அக்கூட்டம் பிறர்க்கு அறிவிக்க வேண்டுமா, மூடிவைக்க வேண்டுமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். வெறுங் கற்பனையாகப் பேசாது, இங்கிலாந்திலே நடந்த ஒரு வழக்கை முன்வைத்துப் பேசுவோம்.

சல்மன் என்னும் மீனைத் தூண்டிலிற் பிடிப்பதற்காக, இறகுகளைக் கொண்டு ஈயைப் போல ஒன்றைக் கட்டும் வித்தை ஆங்கிலேயரிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே, கப்பல்கள் பல திசைகளிலிருந்தும் பறவைத் தோல்களைக் கொண்டுவந்து குவித்த காலத்தில், செல்வர்கள் இதனை ஓர் ஆடம்பரக் கலையாக வளர்த்தனர். ஜோர்ஜ் கெல்சன் என்பார் 1895இல் இக்கலைபற்றி எழுதிய நூலை இன்றும் போற்றுவோர் உளர். வேடிக்கை என்னவெனில், இக்காலத்தில் இந்த ஈக்களைக் கட்டுவோரிற் பலர் தூண்டில் போடுவதே இல்லை. மீனுக்கோ எந்த இறகும் ஒன்றுதான். மனிதருக்குத்தான் பழைய நூல் சொல்லும் அதே பறவையின் இறகு வேண்டும்! அப்பறவைகளிற் பல இன்று சர்வதேச உடன்படிக்கையினாற் காக்கப்படுபவை. ஆகவே ஒரு சோடி இறகுக்கும் பெருவிலை.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஓரிரவிலே, இலண்டனிற் புல்லாங்குழல் பயின்ற 20 வயது அமெரிக்க மாணவன் ஒருவன் புகையிரதமேறித் திரிங் என்னும் சிற்றூருக்குச் சென்றான். அங்குள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையின் யன்னலை உடைத்து உட்புகுந்து, 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனான். அல்பிரெட் ரசல் உவாலஸ் என்ற பேரறிஞர் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்து சேர்த்த பறவைகளும் அவற்றுள் இருந்தன. அம்மாணவன் ஈக்கட்டுங் கலையில் இளமையிலேயே பெயரெடுத்தவன். மூத்த கலைஞர்களின் பாராட்டைப் பெற்றவன். திருடியவற்றைத் தோலாகவும் இறகாகவும் விற்றான். வாங்கியோர் அவனுடைய கலைத் தோழர்களே. அவர்களிற் பெரும்பாலோர் அறியாமல் வாங்கினர் என்றே கொள்வோம்.

திருட்டு நடந்ததென்பது நூதனசாலையாருக்குத் தெரியவே ஒரு மாதம் சென்றது. திருடன் யாரென்பது ஓராண்டுக்கு மேலாகியும் தெரியவில்லை. ஈற்றில் வழி காட்டியவரும் ஓர் ஈக்கட்டும் கலைஞரே என்பதைச் சபையோர் கவனிக்க வேண்டும். ஒல்லாந்து தேசத்திலே இக்கலைஞர் கூடிய சந்தையொன்றில் அரிய தோலொன்றைக் கண்டு ஐயுற்ற ஒருவர், அது எவரிடமிருந்து வந்ததென விசாரித்து, உரிய இடத்துக்கு அறிவித்தார். 2010 நவம்பரில் மாணவன் பிடிபட்டான், குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2011இல் நீதிமன்றம் 12 மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவைத்தது. பின்னர் 125,150 பவுண் செலுத்துமாறும் கட்டளையிட்டது.

இதன்பின் அக்கலைஞர் கூட்டம் என்ன செய்தது? சிலர் தாம் வாங்கியதைத் தாமாகவே திருப்பி அனுப்பினர், அவர்கள் வாழ்க. பலரோ பேச்சையே நிறுத்தினர். இவ்வழக்கை ஆராய்ந்து கிர்க் உவாலஸ் ஜோன்சன் 2018இல் ஒரு நூல் வெளியிட்டார். அதுபற்றி வாய் திறக்க விரும்பாதவர்களையும், பேசவிடாது தடுத்தவர்களையும் அவர் அதிலே காட்டுகிறார். 'எங்கள் கலைக்கு இழுக்கு' என்பது ஒரு நியாயம். 'அவன்தான் தண்டனை பெற்றுவிட்டானே' என்பது மற்றொன்று.

இரண்டாவது நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. எமக்கும் அவனுக்கும் வயதிலே அதிக வித்தியாசமில்லை. நாம் படித்த மிஷன் பாடசாலையிலே, தண்டனை பெற்ற மாணவன் பெயரைக் காலைக் கூட்டத்தில் உரத்து வாசிப்பார்கள். அப்பெயர்களிற் சில இன்றும் எமக்கு ஞாபகம். அவர்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்டால், ஒன்றுகூட ஞாபகமில்லை! பெயரைப் பறைசாற்றுவதன் பயன் பெரும்பாலும் இவ்வளவே. அதனாலேதான் இந்த மாணவன் பெயரையும் இங்கு நாம் சொல்லவில்லை. இச்சபையில் அவனிடம் இறகு வாங்கியவர் எவருமில்லை.

ஆனால் வாங்கியவர்கள் நிறைந்த சபையிலே அப்பெயரை மறைப்பது வேறு காரியம். பிடிபட்டபோது முழுமையாகக் கிடைத்த தோல்கள் 174. அவற்றுள்ளும் 102இல் மாத்திரமே சீட்டுக்கள் இருந்தன. சீட்டென்றால் அற்பமாக எண்ணவேண்டாம். இப்பறவை எங்கே, எந்நாளில் எடுக்கப்பட்டது என்பதை அறிவிப்பது காலிற் கட்டிய அச்சிறு துண்டுதான். அது போனால் ஆராய்ச்சியாளருக்கு அத்தோல் வெறும் அலங்காரப் பொருள். நூதனசாலைகளிலுள்ள கடற்பறவைகளின் பழைய இறகுகளைச் சோதித்தே, கடலிற் பாதரசம் எவ்வளவு பெருகிவந்ததென அறிஞர் கண்டனர். 150 ஆண்டுகளுக்கு முந்திய பறவையை இனி எவர் போய்ப் பிடித்து வருவார்? திருட்டுப்போனவற்றுட் பல திரும்பவில்லை. அவை எவர் வீட்டு அலுமாரியிலோ இருக்கலாம். 'இன்ன ஆளிடம், இன்ன காலத்தில் வாங்கியவர்கள் தம் பெட்டியைத் திறந்து பாருங்கள்' என்று சொல்லக்கூடிய இடம் அக்கலைஞரின் சபையேயன்றி வேறில்லை. அங்கே மௌனம் சாதிப்பது இரக்கமன்று. திருட்டுப்பொருள் கைமாறிக் கைமாறிப் போவதற்கு அது வழிவிடுகிறது.

வள்ளுவர் புறங்கூறாமைக்கென்று ஓரதிகாரம் வகுத்திருக்கிறாரே, இது புறங்கூறுதல் ஆகாதா என்று பெரியோர் கேட்கலாம். புறங்கூறுதல் ஆளில்லாவிடத்துக் காதோடு காதாக நடப்பது. நீதிமன்றத்திலே பகிரங்கமாகத் தீர்ந்த ஒன்றை, சம்பந்தப்பட்டவர்க்கும் அறிவித்து, சபையிலே ஒருமுறை உள்ளபடி சொல்வது அதுவன்று. உண்மையில், சபை வாய் மூடும்போதுதான் திண்ணைகள் வாய் திறக்கின்றன. 12 மாதம் 12 வருடமாகும். ஒத்திவைத்த தண்டனை மறியலாகும்.

இனி, எல்லாக் குற்றத்தையும் சொல்லவேண்டுமா? வேண்டியதில்லை. முத்திரை சேர்ப்பவன் குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தண்டம் கட்டினால், அதனால் முத்திரைக்கு வந்த கேடு ஒன்றுமில்லை. சங்கத்தின் பணத்தைத் திருடினவனை மறுபடி தனாதிகாரியாக்கச் சிலர் பிரேரித்தால், அங்கே சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவன் விஷயத்தில் விவாதமே இல்லை. அமெரிக்கச் சாரணர் இயக்கம் இத்தகையோர் பற்றிய குறிப்புக்களைப் பல்லாண்டு இரகசியமாகப் பூட்டி வைத்திருந்தது. 1965 முதல் 1985 வரையான குறிப்புக்கள், 2012இல் ஒரேகன் மாநில உயர் நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பின்னரே வெளிவந்தன. பூட்டிவைத்த காலமெல்லாம் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு காலம் சொல்லலாம் என்பதற்கு இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஓரளவு வழி காட்டுகிறது. பல குற்றத்தீர்ப்புக்கள், அவற்றுக்கென வகுத்த காலம் கழிந்தபின் தீர்ந்துபோனவையாகக் கருதப்படும். அதன்பின் தீய நோக்கத்தோடு அதனை வெளியிடுபவன், 'நான் சொன்னது மெய்தானே' என்று மானநட்ட வழக்கிலே தப்பிக்கொள்ள இயலாது. மெய்யையும் ஆயுதமாக்கலாம் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது!

ஆகவே அக்கலைஞர் சபையிலே எமக்கு ஓரிடம் இருந்தால் நாம் பிரேரிப்பது இது. தீர்ப்பு, திகதி, தண்டனை, வராத பறவைகளின் பட்டியல், திருப்பி அனுப்பவேண்டிய விலாசம் என இவற்றை ஒரே தாளில் அச்சிட்டு உறுப்பினர்க்கெல்லாம் அனுப்புக. அவனுடைய குடும்பம், நோய், குணம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். திருப்பித் தருபவரிடம் 'ஏன் வாங்கினாய்' என்று சபை கேட்கவேண்டாம். சட்டம் வகுத்த காலம் முடிந்ததும் அவன் பெயருள்ள வரியை நீக்கிவிடுக. பறவைகளின் பட்டியல் மட்டும், கடைசித் தோல் திரிங் ஊருக்குத் திரும்பும்வரை நிற்கட்டும்.

அவன் பின்னொருநாள் அதே சபைக்கு ஈக்கட்ட வந்தால் நாற்காலி கொடுப்பதா என்று ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். கொடுக்கலாம் என்பது எமது கருத்து. பெரியோர்கள் மறுத்துரைப்பின் கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.