கருவில் கேட்கும் செவிகள்

  

கர்ப்பிணிகள் இசை கேட்டால் பிள்ளை அறிவாளியாகப் பிறக்குமா, அது மார்க்கத்தில் கூடுமா என்று இளந்தம்பதியர் பலர் வினவுகின்றனர். வயிற்றின் மீது வைக்கும் ஒலிக்கருவிகள்கூட விற்பனைக்கு வந்துவிட்டன.

அறிவு பற்றிய பேச்சு பரவியதற்கு மூலம், 1993இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சிறு ஆய்வாகும். மோசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைத் தேர்வில் சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அப்பலன் கால்மணி நேர அளவே நின்றது. அதில் கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை! ஆயினும் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க முனைந்தார். வணிகர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

நம்மவர்களும் சளைத்தவர்களல்லர். யூசுஃப் சூரா ஓதினால் அழகான பிள்ளை, மர்யம் சூரா ஓதினால் சுகப்பிரசவம் என்கின்றனர். இதற்கு ஆதாரப்பூர்வமான ஹதீஸ் இல்லை. ஓதுவது நன்மையே, அதற்கு இல்லாத பலனைக் கற்பிப்பது முறையன்று.

எனினும் கருவிலுள்ள பிள்ளை கேட்கிறது என்பது உண்மை. திருக்குர்ஆன் 32:9 வசனம் செவிப்புலனைப் பார்வைக்கு முன்னதாகக் கூறுவதை ஆலிம்கள் எடுத்துரைப்பர். ஆறாம் மாதத்திற்குப்பின் ஓசைக்குச் சிசு அசைகிறது. வெளியோசை மங்கலாகவே சென்றடையும்; தாயின் குரலோ அவள் உடல் வழியாகவும் எட்டுகிறது. 1986இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் ஆகிய அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரங்கள் ஒரே கதையை நாளும் உரக்க வாசித்தனர். பிறந்த சிசுக்கள் பிற கதைகளை விட அக்கதையையே விரும்பின. ஆகவே சகோதரிகளே, கருவி வாங்க வேண்டாம். நீங்கள் ஓதுங்கள், கதை சொல்லுங்கள், நம் பாட்டிமார் பாடிய தாலாட்டைப் பாடுங்கள்.

இசைக்கருவிகளை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடுத்துள்ளனர். இப்னு ஹஸ்ம் போன்றோர் மாறுபட்டனர். அடியேன் பெரும்பான்மையோரின் கூற்றையே பின்பற்றுகிறேன். ஆயினும் 2008இல் தைவானில் 236 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், இசை கேட்டோரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன என்பதை மறைக்கலாகாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது மன அமைதி. நம் வீடுகளில் அது கிடைக்கிறதா? சோழிங்கநல்லூரில் வேலை முடித்து, நெரிசலில் வீடு திரும்பும் மருமகளை வாசலிலேயே உரத்த குரலில் கேள்வி கேட்போர் உண்டு. இசை ஹராமா என்று என்னிடம் கேட்கும் கணவன்மார், தம் தொண்டையின் அளவையும் சற்று விசாரித்துக் கொள்ளட்டும்.

மற்றொன்று. பேரோசை கருவின் செவியைப் பாதிக்கக்கூடும். தாய் காதடைப்பு அணிந்தாலும் அது சிசுவைக் காக்காது. எனவே இனி நிக்காஹ் வைபவங்களில் பெண்கள் பகுதியின் அருகே பெரிய ஒலிபெருக்கிகளை வைக்காதிருக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.