கடற்கரைத் திடலைக் காணச் செல்வோர்க்கு

(இராசா அண்ணாமலைபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வூரிலிருந்து சாந்தோம் வழியே வடக்கு நோக்கி நடந்தால், கலங்கரை விளக்கத்தை அடுத்து ஒரு மணற்பரப்பு விரிகின்றது. ‘மெரினா’ என்கின்றனர் அதனை. காற்று வாங்கவும் சுண்டல் தின்னவும் அங்குச் செல்வோர் பல்லாயிரவர். அஃது எத்தகைய இடம் என்று எண்ணிச் செல்வோர் எத்தனை பேர்?

வெள்ளை ஆளுநர் கிராண்ட் டப்பு 1884-இல் அங்கே உலாச்சாலை அமைத்து, இத்தாலிய நினைவில் இட்ட பெயரே மெரினா. ஆள்வோர் உலாவ அமைத்த இடத்தை மக்கள் தம் ஊர்மன்றமாக்கிக் கொண்டனர். 1.5.1923 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய இடங்களுள் ஒன்று அத் திருவல்லிக்கேணிக் கடற்கரையே.

1938-ஐ நினைமின்! இராசாசி ஆட்சி, 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி 21.4.1938-இல் ஆணையிட்டது. அதனை எதிர்த்து 1.8.1938 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து தமிழர் படை புறப்பட்டது. குமாரசாமியார், பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் ஊர்தோறும் பேசி, நாற்பத்திரண்டாம் நாளாகிய 11.9.1938 அன்று சென்னை வந்து சேர்ந்தனர். அன்று அக் கடற்கரையில் பெரியாரும் மறைமலையடிகளும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் கூடினர். “தமிழ்நாடு தமிழருக்கே” என்னும் முழக்கம் எழுந்தது அம் மணலில்தான். மறு ஆண்டில் நடராசனும் தாலமுத்துவும் சிறைப்பட்டு உயிர்நீத்தனர். 21.2.1940-இல் ஆணை வீழ்ந்தது.

1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, அக் கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பெற்று 2006-இல் மீண்டும் நிறுவப்பெற்றது. கூட்டங்களுக்குரிய சீரணி அரங்கமோ 2003-இல் இடிக்கப்பெற்றது. எனினும் 2017 சனவரியில் ஏறு தழுவலுக்காக இளைஞர் அங்கே பல்லாயிரவராய்த் திரண்டபோது, அத் திடல் யாருடையது என்பதை நாடே கண்டது.

சிலையைப் பெயர்த்தால் மீண்டும் நிறுத்தலாம். மறதியால் பெயர்ந்த வரலாற்றை யார் நிறுத்துவது? அடுத்த முறை அங்குச் செல்லுங்கால் பிள்ளைகளை உடனழைத்துச் செல்லுங்கள். ‘திருவல்லிக்கேணிக் கடற்கரை’ என்றே சொல்லிக் கொடுங்கள். நாற்பத்திரண்டு நாள் நடந்த கால்கள் வந்து நின்ற மணல் இது என்று காட்டுங்கள். அதன்பின் சுண்டல் வாங்கிக் கொடுங்கள்!

வெல்க தமிழ்!