கற்பிப்பவர் கற்கும்போது
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுப் பரிசாக எமது பாடசாலைக்குக் கணினிகளும் திறன்பலகைகளும் வழங்கச் சங்கம் தீர்மானித்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அவற்றைப் பயன்படுத்தப்போகும் ஆசிரியர்களை எவ்வாறு பயிற்றுவது என்பது பற்றி ஒரு வைத்தியராகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வழக்கமான செயலமர்வு நாம் எல்லோரும் அறிந்ததே. சனிக்கிழமை காலை மண்டபம் நிறைய ஆசிரியர்கள், முன்னால் ஒரு வளவாளர், மல்டிமீடியாவில் படங்கள், மதியம் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். திங்கட்கிழமை வகுப்பில் மீண்டும் வெண்கட்டிதான்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கற்பார்கள், அதற்கேற்பப் பயிற்சியை வகுக்க வேண்டும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எதை வைத்து வகுப்பது? பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்துக் கற்பவர், செய்து கற்பவர் என்ற பிரிவை நியூசிலாந்தின் நீல் பிளெமிங் 1992இல் பிரபலப்படுத்தினார். 2008இல் ஹரோல்ட் பஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இத்துறை ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். இவ்வாறு பிரித்துக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஆசிரியருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவருடைய பாடத்துக்கு என்ன தேவை, எதற்குத் தயங்குகிறார் என்பவற்றைத்தான்.

பாமினி எழுத்துருவில் வேகமாகத் தட்டச்சிடும் ஆசிரியை ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் அனுப்பும் வினாத்தாள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அவருக்கு யூனிகோட்டுக்கு மாறும் வழியைக் காட்டினாலே போதும். வட்ஸ்அப்பில் குரல்பதிவு மட்டும் அனுப்பத் தெரிந்தவருக்குக் கைத்தொலைபேசியிலிருந்தே தொடங்கலாம். கணித ஆசிரியருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ரா போன்ற ஒன்று வேண்டும். இருபடிச் சார்பின் குணகத்தை மாற்ற மாற்ற வரைபு விரிவதையும் ஒடுங்குவதையும் பிள்ளைகள் கண்முன்னே காண்பார்கள். இம்மூவரையும் ஒரே வாங்கில் இருத்தி ஒரே பாடத்தை நடத்தினால் யாருக்கும் பயனில்லை.

தயக்கத்தையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடம் பெயரோடு கற்பித்த ஒருவர், நேற்று நியமனம் பெற்றவர்கள் முன்னால் மவுஸைப் பிடிக்கத் தடுமாற விரும்பமாட்டார். பின்வரிசையில் பேசாமல் இருந்துவிட்டுப் போவார். அதைத் திறமைக் குறைவென்று எண்ணிவிடக் கூடாது.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியை வைத்தியசாலையில் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் பழக்குகிறோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். இதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் வராது. பேற்றன் என்பவரின் பெயரால் வழங்கும் நான்கு படிமுறை இதற்கு உதவுகிறது. பயிற்றுநர் முதலில் பேசாமல் செய்து காட்டுவார். பின் விளக்கியபடி செய்வார். அடுத்துக் கற்பவர் சொல்லச்சொல்லப் பயிற்றுநர் செய்வார். கடைசியில் கற்பவரே சொல்லிச் செய்வார். பார்ப்பது, கேட்பது, சொல்வது, செய்வது எல்லாம் எல்லோருக்கும் கிடைக்கிறது. சில மாதங்களில் கை மறந்துவிடும் என்பதால் திரும்பவும் பழக்குகிறோம்.

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் மூன்று. சேர்ந்த நிதியில் ஒரு பங்கைப் பயிற்சிக்கென ஒதுக்குங்கள். பயிற்சிக்கு முன் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியே தேவையைக் கேட்டு, ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பாடசாலை நேரசூசிக்குள்ளேயே நடத்துங்கள். ஒரு மாதத்தின் பின் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் தங்கைமாருக்கும் இதில் இடமுண்டு. ஆளுக்கோர் ஆசிரியரைப் பொறுப்பேற்று, வாரத்தில் அரை மணித்தியாலம் சூமில் அவரோடு இருங்கள். எமக்குக் கை பிடித்து எழுதப் பழக்கியவர்களிடம், “ரீச்சர், இந்தப் பொத்தானை அழுத்துங்கோ” என்று பொறுமையாகச் சொல்லும் முறை இப்போது எம்முடையது.