லாச்சிக்குள் கிடந்த அளவி
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)

 

தோப்பூரில் இதே வகுப்பறைகளில் விஞ்ஞானம் படித்த எங்களிற் சிலர் இன்று வைத்தியசாலைகளில் எக்ஸ்றே அறைகளிலும் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் வேலை செய்கிறோம். ஊருக்கு வந்தால் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அந்த அறைக்குள் நின்றால் பிள்ளை பிறக்காதாமே?"

அப்படியல்ல. எக்ஸ்றே விளக்கு வெளிச்சம் போன்றது. இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், அறையில் தேங்காது. கதிர்வீச்சு இயற்கையிலும் உண்டு. நமது மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலுள்ள மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. உலகில் ஒருவர் இயற்கையாக ஆண்டுக்குச் சராசரியாகச் சில மில்லிசீவேட் பெறுகிறார். ஒரு நெஞ்சு எக்ஸ்றேயில் கிடைப்பது 0.1 அல்லது அதற்கும் குறைவு.

ஆனால் நோயாளி ஒருநாள் வந்து போகிறார். நாங்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கிறோம். அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய ஆய்வொன்று சுமார் 146,000 எக்ஸ்றே தொழில்நுட்பவியலாளரைப் பின்தொடர்ந்தது. அவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். பாதுகாப்புக் குறைந்திருந்த பழைய காலத்தில், 1950க்கு முன் வேலை தொடங்கிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அதனாற்றான் இன்று வரம்புகள் உண்டு: ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட், எந்த ஓராண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. கண்வில்லையில் வெண்புரை வரலாம் என்பதால், கண்ணுக்கான வரம்பை 150இலிருந்து 20 ஆகக் குறைக்கும்படி சர்வதேச ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. கர்ப்பத்தை அறிவித்த பின் வயிற்றுச் சிசுவுக்கு 1 மில்லிசீவேட் மட்டுமே. நம் நாட்டில் இவற்றைக் கண்காணிக்க 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இருக்கிறது.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது? எங்களில் ஒருத்தி கர்ப்பமுற்று மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. சொன்னால் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்ற பயம். மார்பிற் குத்த வேண்டிய அளவி லாச்சிக்குள் கிடந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்த மூன்று மாதத்தில் வயிற்றுப்பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் மனம் அங்கேதான் போய் நிற்கிறது.

ஆகவே தங்கைமாரே, இத்தொழிலுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள், அலட்சியமாகவும் இருக்காதீர்கள். தூரத்தை இருமடங்காக்கினால் கதிர்வீச்சு காற்பங்காகும். எங்களை அடைவதிற் பெரும்பகுதி நோயாளியின் உடலிற் பட்டுச் சிதறி வருவதே. ஓரடி பின்வாங்குவதும் பாதுகாப்புத்தான். ஈயக்கவசத்தை அணியுங்கள். அழும் குழந்தையைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் அதே சிற்றூழியப் பெண்ணைக் கூப்பிடாதீர்கள். பிடிப்பவர் யாராயினும் அவருக்கும் கவசம் கொடுங்கள். கர்ப்பமென்றால் உடனே சொல்லுங்கள். அது சலுகையன்று, உரிமை.

இந்தப் பாடசாலை எங்களுக்குக் கேள்வி கேட்கப் பழக்கியது. வேலைக்குச் சேரும் முதல்நாளே கேளுங்கள்: "என் அளவி எங்கே? போன முறை அது என்ன காட்டியது?"