உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி புறப்படுற ஊர்

சென்னைக்கு வந்த புதுசுல ரூம்மேட் கேட்டான்: "உங்க ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" நான் சொன்னேன், "ஒண்ணுமில்லடா. சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணம் போறவங்க பஸ் மாறுற ஊர்."

என் ஊர் சேத்தியாத்தோப்பு. அப்படிச் சொன்னது இன்னமும் உறுத்துது. ஏன்னா, 2004லேர்ந்து வீராணம் ஏரித் தண்ணி எங்க ஊர்லேர்ந்துதான் 200 கிலோமீட்டருக்கு மேல குழாய்ல சென்னைக்கு வருது. தண்ணி இங்க வருது, இங்கேருந்து யாரும் அங்க வர்றதில்ல.

போன பொங்கலுக்கு அவனைக் கூட்டிட்டுப் போனேன். அப்போதான் ஏரி நிறைஞ்சிருக்கும். கோடையில போனா ஏமாந்துடுவீங்க. 10ஆம் நூற்றாண்டுச் சோழர் ஏரி. 'பொன்னியின் செல்வன்' தொடக்கத்துல வந்தியத்தேவன் குதிரையில வர்றது இந்தக் கரையிலதான். அக்கரை தெரியாம நின்னவன், "இதையாடா ஒண்ணுமில்லைன்னு சொன்ன?"ன்னு கேட்டான்.

அங்கேருந்து அதே கும்பகோணம் ரோட்டுல கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் தஞ்சாவூரை விட்டுட்டு உருவாக்கின தலைநகரம். இருநூறு வருஷத்துக்கு மேல சோழநாடே இங்கேருந்துதான் நடந்துச்சு. இன்னைக்கு ஒரு கிராமம், நடுவுல அந்தப் பெரிய கோயில், புல்வெளியில படுத்து கோபுரம் பார்க்குற பசங்க.

தலைநகரத்துலதான் எல்லாம் இருக்குன்னு நினைக்கிறோம். ஒருகாலத்துத் தலைநகரம் இப்போ பஸ் ஜன்னல்ல கடந்து போற ஊர்.

அடுத்த லீவுக்கு ஒரு பஸ் முன்னாடியே இறங்கிப் பாருங்க. உங்க ஊரைப் பத்தி யாராவது கேட்டா, "ஒண்ணுமில்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.