கஞ்சமலை இரும்பும் நமது உழைப்பும்

(திண்டுக்கல்லில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பஞ்சாலையில் நூல் நூற்பவர்களும், வயலில் களை பறிப்பவர்களும் கூடியிருக்கும் இந்தக் கூட்டத்தில் சேலம் உருக்காலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். "நமக்குத் தெரிந்தது நூலும் நெல்லும். இரும்பைப் பற்றி நமக்கென்ன?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு முதலில் பதில் சொல்லுகிறோம்.

ஆலையில் சுழலும் கதிர் இரும்பு. வயலில் இறங்கும் மண்வெட்டி இரும்பு. கிணற்றில் நீர் இறைக்கும் பம்பு இரும்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றதே நமது திண்டுக்கல் பூட்டு, நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் அரம் பிடித்துத் தேய்த்துச் செய்யப்படும் பூட்டு, அதற்கு வேண்டியதும் இரும்புத் தகடுதான். ஆகவே, இரும்பை யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள் என்பது நம்முடைய விஷயமே ஆகும்.

பக்கத்தில் உருக்காலை வந்தால் இரும்பு மலிந்துவிடும் என்று மேடையில் பேசுவார்கள். அது முழு உண்மையல்ல. 1956 முதல் 1990களின் தொடக்கம்வரை, ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தி, நாடெங்கும் ஏறத்தாழ ஒரே விலைக்கு உருக்கு விற்கும் ஏற்பாடு இருந்தது. பீகாரில் உருக்கினாலும் திண்டுக்கல்லில் அதே விலைதான். ஆகவே ஜனங்கள் உருக்காலை கேட்டது விலைக்காக மட்டுமல்ல, வேலைக்காகக் கேட்டார்கள். ஒரு பெரிய உருக்காலையைச் சுற்றி நூறு சிறு தொழில்கள் முளைக்கும். வானம் பொய்த்த வருஷத்தில் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகும் நமது பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கிடைக்கும். அந்த நம்பிக்கைதான் கோரிக்கையாயிற்று.

கஞ்சமலைப் பக்கத்து இரும்பு இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1830இல் ஹீத் என்ற வெள்ளையர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாதுவை அங்கே கொண்டு போய், காட்டு மரத்தைக் கரியாக்கி உருக்கினார்கள். உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சில பத்தாண்டுகளில் அந்த ஆலையும் மடிந்தது.

சுதந்திரம் வந்த பிறகு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மூன்று பெரிய உருக்காலைகள் எழும்பின. சோவியத் உதவியுடன் பிலாய், ஜெர்மன் உதவியுடன் ரூர்கேலா, பிரிட்டிஷ் உதவியுடன் துர்காப்பூர். தெற்கே ஒன்றுகூட இல்லை. கஞ்சமலைத் தாதுவில் இரும்பின் அளவு குறைவு, சுமார் மூன்றில் ஒரு பங்குதான், பக்கத்தில் உருக்குக்கேற்ற நிலக்கரியும் இல்லை என்று காரணம் சொன்னார்கள். இந்தக் கஷ்டம் கற்பனையல்ல. தாதுவைப் பொடியாக்கிக் காந்தத்தால் பிரித்தெடுக்க வேண்டும், செலவு கூடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு உருக்க முடியுமா என்று பரிசோதனைகளும் நடந்தன. ஆராய்ச்சி நடந்தது, அறிக்கை வந்தது, வருஷங்கள் ஓடின. 1967 ஜூலையில் அண்ணாதுரை தலைமையில் இருந்த ராஜ்ய சர்க்காரே சேலம் உருக்காலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக எழுச்சி நாள் கொண்டாட வேண்டியதாயிற்று.

தோழர்களே! 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி பார்லிமெண்டில் மூன்று உருக்காலைகளை அறிவித்தார். சேலம், விசாகப்பட்டினம், கர்நாடகத்தில் விஜயநகரம். மூன்று இடத்திலும் அடிக்கல் நாட்டினார்கள். மூன்று கல்லுக்கும் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

சேலத்தில் 1970 செப்டம்பரில் கல் விழுந்தது. விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். பதினோரு வருஷம் கழித்து, 1981இல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆனால் என்ன ஆலை? தாதுவை உருக்கும் உலை இல்லை. வெளியிலிருந்து வந்த உருக்குச் சுருளைத் தகடாகத் தேய்க்கும் ஆலை, வருஷத்துக்கு 32,000 டன். பிலாய் பத்து லட்சம் டன்னோடு தொடங்கியதை நினைத்துப் பாருங்கள்! துருப்பிடிக்காத எஃகு விலையுயர்ந்த சரக்கு என்பது மெய். சேலத்துத் தொழிலாளி செய்த தகடு நாடெங்கும் பெயர் வாங்கியதும் மெய். காசு அடிப்பதற்கான வட்டத் தகடும் அங்கே செய்தார்கள். எஃகு உருக்கும் பிரிவு 2010இல்தான் வந்தது. அதுவும் பழைய இரும்பையும் கலப்பு உலோகங்களையும் விலைக்கு வாங்கி மின்சார உலையில் உருக்குவது. கஞ்சமலை அசையாமல் நிற்கிறது. அதன் பேரில் எழுந்த ஆலைக்கு அதன் தாது போகவில்லை.

விசாகப்பட்டினத்துக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1966இல் ஆந்திர மக்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்தார்கள். அங்கே முழு உருக்காலை எழும்பி 1992இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் அதற்குச் சொந்தமாக ஓர் இரும்புச் சுரங்கம் கொடுக்கவில்லை. தாதுவைக் கடையில் வாங்க வைத்துவிட்டு, நஷ்டம் என்று கணக்குக் காட்டி, 2021 ஜனவரியில் முழுவதையும் விற்க முடிவு செய்தார்கள். தொழிலாளர் எதிர்த்து நின்றார்கள். 2025 ஜனவரியில் 11,440 கோடி ரூபாய் கொடுத்து ஆலையைத் தூக்கி நிறுத்துவதாக மத்திய சர்க்கார் அறிவிக்க வேண்டி வந்தது.

விஜயநகரம்? சர்க்கார் நாட்டிய கல் இருபது வருஷத்துக்கு மேல் கல்லாகவே கிடந்தது. பிறகு ஜிண்டால் கம்பெனி அங்கே ஆலை கட்டியது. இன்று அது நாட்டின் மிகப் பெரிய உருக்காலைகளில் ஒன்று. தாதுவும் இடமும் உருக்காலைக்கு ஏற்றவை என்பதை முதலாளி லாபத்தோடு நிரூபித்துவிட்டான்!

ஆக, தாது இல்லை, கரி இல்லை, பணம் இல்லை என்பதெல்லாம் பாதிக் காரணங்கள். மீதிப் பாதி, யார் விடாமல் கேட்டார்கள், கிடைத்ததை யார் காத்தார்கள் என்பதே.

சேலத்துக்கும் அந்த ஆபத்து வந்தது. 2016 அக்டோபரில் ஆலையைத் தனியாருக்குக் கொடுக்க மத்திய மந்திரிசபை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. 2019 ஜூலையில் வாங்குவோர் வரலாம் என்று அழைப்பு விடுத்தார்கள். கொடி நிறம் பார்க்காமல் தொழிற்சங்கங்கள் ஒன்றாக வாசலில் உட்கார்ந்தன. "சர்க்கார் ஆலைக்கென்று கொடுத்த நிலம், தனி முதலாளிக்கல்ல" என்று நிலம் கொடுத்த குடும்பங்கள் கேட்டன. அந்த அழைப்பு விற்பனையில் முடியவில்லை.

நஷ்டம் என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. நூற்பாலைகளின் கதவில் பூட்டுத் தொங்கியபோதெல்லாம் கேட்ட வார்த்தை அது. சேலத்தில் நஷ்டம் வந்தது உண்மை. மின்சாரச் செலவு, கடன் வட்டி, வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து குவிந்த எஃகு, இவை அதற்குக் காரணங்கள். இவற்றில் எது தொழிலாளியின் கை செய்த குற்றம்?

தோழர்களே! நாளைக்கு நமது சமவெளியிலும் யாராவது ஒரு பெரிய திட்டத்தை அறிவிக்கலாம். கைதட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்போம். முழு ஆலையா, பெயரளவு ஆலையா? மூலப்பொருள் எங்கிருந்து வரும்? நிலம் கொடுத்தவனுக்கு நிரந்தர வேலையா, ஒப்பந்தக் கூலியா? குத்தகைக்கு உழுதவனுக்கும், அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவளுக்கும் என்ன கிடைக்கும்? பட்டாக்காரனுக்குத் தொகை வரும். பட்டா இல்லாத விவசாயத் தொழிலாளியின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாது. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: கழிவுநீர் எங்கே போகும்? தோல் ஷாப்புகளின் கழிவால் கிணறு கெட்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்விகளை ஆலைத் தொழிலாளி தனியாகக் கேட்டால் வாசலோடு நிற்கும். விவசாயத் தொழிலாளி தனியாகக் கேட்டால் வரப்போடு நிற்கும். இருவரும் சேர்ந்து கேட்டால்தான் கோட்டைக்குக் கேட்கும். கரூர் வழியாக ரயிலேறினால் சேலம் எட்டிவிடும் தூரம். அங்கே ஆலையைக் காத்து நிற்பவர்கள் நமக்கு அந்நியர் அல்ல. அவர்கள் வாசலில் கூட்டம் நடக்கும் நாளில் நமது சங்கத்திலிருந்தும் பத்துப் பேராவது போய் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.